பழைய ஸ்டீரியோ வாங்கியாச்சா? பிளக் போடுவதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேரொசலில் ஓர் ஆம்ப்ளிஃபயர். ஜப்பான் தயாரிப்பு, வெள்ளி நிற முகப்பு, கையில் பிடித்தாலே கனம் தெரியும் வால்யூம் குமிழ். விலையும் பரவாயில்லை. "வேலை செய்யுது, நல்ல கண்டிஷன்" என்கிறார் விற்பவர். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, பணம் கொடுத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயிற்று. அடுத்து என்ன பண்ணுவீங்க?

பலரும் செய்வது, பிளக்கைச் செருகிப் பாட்டுப் போட்டுப் பார்ப்பது. அதற்கு முன் பெட்டியைத் திருப்பி வையுங்கள். முன்பக்கம் பார்ப்பதற்கு. பாதுகாப்பைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும்: எத்தனை வோல்ட், எத்தனை வாட், எத்தனை ஓம், எங்கே காற்று போக வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

100 வோல்டா, 230 வோல்டா?

முதலில் தேட வேண்டியது இந்த எண்ணை. சிங்கப்பூர் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட சாதனங்கள் இங்கே செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. அவற்றின் பின்னால் '100 வோல்ட்' என்று மட்டும் இருக்கும்.

நம் தலைமுறைக்கு இந்த ஆபத்து சட்டென்று உறைக்காது. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் இரண்டையும் எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் வேலை செய்கிறதே? ஆமாம், அவற்றில் '100-240 வோல்ட்' என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்று எந்த அழுத்தம் வந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் வகை. பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது இரும்பும் செம்புக் கம்பியும் சேர்ந்த கனமான டிரான்ஸ்ஃபார்மர். 100 வோல்டுக்கென்று சுற்றப்பட்ட அந்தக் கம்பிச் சுருளுக்கு 230 வோல்ட் கொடுத்தால், தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. நல்லகாலம் இருந்தால் உள்ளே ஃபியூஸ் மட்டும் போகும். இல்லாவிட்டால் சுருள் சூடேறிக் கருகும், புகை வரும்.

இங்கேதான் டிராவல் அடாப்டர் ஏமாற்றிவிடுகிறது. ஜப்பானிய இரண்டு தட்டைப் பின் பிளக் நம் சுவர் சாக்கெட்டில் போகாது. அடாப்டர் போட்டால் போய்விடும். ஆனால் அது மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும். வோல்ட் அப்படியே 230தான். 100 வோல்ட் சாதனத்துக்குத் தேவை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அதை வாங்கும்போது, உங்கள் சாதனத்தின் பின்னால் எழுதியிருக்கும் வாட் அளவைவிடத் தாராளமாக அதிகம் தாங்கக்கூடியதாகப் பாருங்கள். அதன் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், மலிவாகக் கிடைத்த ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே மலிவுதானா என்பது தெரிந்துவிடும்.

1970களிலும் 80களிலும் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட சில மாடல்களில் பின்னாலேயே வோல்ட் மாற்றும் சிறிய சுழல் சுவிட்ச் இருக்கும்: 110, 120, 220, 240. முந்தைய உரிமையாளர் எதில் வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. பிளக் கழற்றிய நிலையில் பாருங்கள். 240 இருந்தால் இங்கே அதில் வைப்பது நல்லது.

ஒரு துணைத் தகவல். ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த வேகத்தை நம்பிச் சுற்றும் பழைய வகை மோட்டார் உள்ள டர்ன்டேபிள், இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். எதுவும் எரியாது. ஆனால் எஸ்.ஜானகி ஆண் குரலில் பாடுவதுபோல் கேட்டால் காரணம் இதுதான்.

மூன்றாவது பின் எதற்கு?

சிலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பின் பிளக்கை நேராக மூன்று பின் சாக்கெட்டில் செருகுவதற்காக, மேல் துளைக்குள் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு உள்ளே இருக்கும் மூடியைத் திறப்பார்கள். செய்யவே கூடாது. அந்த மூடி குழந்தையின் விரலும் கம்பியும் மின்சாரத்தைத் தொடாமல் இருக்க வைக்கப்பட்டது. தவிர, இரண்டு பின் அங்கே இறுக்கமாகப் பிடிக்காது. தளர்வான இணைப்பில் பொறி பறக்கும், சூடேறும். சரியான அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. பாதுகாப்புக் குறியும் அதற்குக் கீழே எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாதனத்தின் பின்னால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கிறதா? அது இரட்டைக் காப்பு உள்ள சாதனம் என்பதற்கான அடையாளம். எர்த் இல்லாமலேயே பாதுகாப்பாக இயங்கும்படி செய்யப்பட்டது. பல சவுண்ட்பாரும் சிறிய ஸ்டீரியோவும் இந்த வகை. அந்த அடையாளம் இல்லாமல், உலோகப் பெட்டியும் மூன்று கம்பி வயரும் இருந்தால், அந்த எர்த் கம்பிதான் உங்களுக்கும் ஷாக்குக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே ஏதோ ஒரு கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து உடனே இணைப்பைத் துண்டிக்க வைக்கும். எர்த் இல்லையென்றால் பெட்டி அமைதியாகக் காத்திருக்கும், நீங்கள் தொடும்வரை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ஸ்டீரியோ ஆர்வலர்களிடையே ஒரு பழைய 'டிப்ஸ்' சுற்றுகிறது: ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னைக் கழற்றிவிடு, நின்றுவிடும். இரைச்சல் நிற்கக்கூடும். பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

அந்த 'ம்ம்ம்' வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஆம்ப்ளிஃபயரும் கணினியும் டிவியும் வெவ்வேறு சாக்கெட்டுகள் வழியாக எர்த் ஆகி, நடுவில் ஆடியோ வயராலும் இணைந்திருப்பது. ஒரு வளையம் உருவாகி, அதில் மின் இரைச்சல் சுற்றுகிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள். பிறகு ஆடியோ வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த வயரின் நடுவில் பொருத்துவதற்கென்றே இரைச்சலைத் தடுக்கும் சிறிய ஐசொலேட்டர் விற்கிறார்கள். சிம் லிம் ஸ்குவேரில் கேட்டுப் பார்க்கலாம். டர்ன்டேபிளோடு வரும் மெல்லிய தனிக் கம்பி வேறு விஷயம். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் கிரவுண்ட் திருகில் மாட்ட மறந்தாலும் இதே 'ம்ம்ம்' வரும்.

வீட்டின் மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் இது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, இல்லாதவர்கள் பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. அதில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் துண்டிக்கவில்லை என்றால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம்.

எக்ஸ்டென்ஷனில் எத்தனை போடலாம்?

நம் பிளக்கில் இருப்பது அதிகபட்சம் 13 ஆம்பியர் ஃபியூஸ். 230 வோல்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். உண்மையைச் சொன்னால் ஸ்டீரியோ அவ்வளவு மின்சாரம் இழுக்காது. சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும் செட்டுகள் ஏராளம். பிரச்சினை, அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையோ அயர்ன் பாக்ஸையோ மாட்டும்போது வருகிறது. கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தாண்டலாம். ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் எடுப்பது, நீளமான வயரைச் சுருட்டிச் சோபாவுக்கு அடியில் தள்ளுவது இரண்டுமே சூட்டைச் சேர்த்து வைக்கும் பழக்கங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் ஓடினால் அது தேய்வதுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

உலகிலேயே மின்னல் அதிகம் தாக்கும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் உதவும். ஆனாலும் இடி பலமாக இருக்கும்போது பிளக்கையே கழற்றி வைப்பதுதான் நிச்சயமான வழி. இடி நெருங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் வயர்: ஒரு மெல்லிய இழை போதும்

இப்போது ஸ்பீக்கர்களை மாட்டலாம். பிளக் கழற்றிய நிலையில்தான். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். யாராவது தெரியாமல் தட்டிவிட்டால்?

வயர் முனையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மட்டும் தோலை உரியுங்கள். உள்ளே இருக்கும் செம்பு இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். சிவப்பு முனையில் மாட்டிய வயரிலிருந்து ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்யூட். புதிய ஆம்ப்ளிஃபயர் என்றால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பழையது என்றால் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடலாம். வாழைப்பழ பிளக் என்று சொல்லப்படும் சிறிய முனைகளைப் பொருத்திவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் எதுவும் கெடாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 'செட்டு சரியில்லை' என்று திரும்ப விற்றுவிடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

முனைகளுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும்: '6-16 ஓம்' என்பதுபோல. ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை அது. ஸ்பீக்கரின் பின்னாலும் 4, 6, 8 என்று ஏதாவது எழுதியிருக்கும். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக மின்சாரம் கொடுக்க வேண்டும், அதிகம் சூடாகும். ஆக, ஆம்ப்ளிஃபயர் கேட்கும் குறைந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். ஹாலில் ஒரு ஜோடி, அறையில் ஒரு ஜோடி என்று இரண்டையும் சேர்த்து ஓட்டினால், 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு இணைந்து 4 ஓமாகத் தெரியும். பல ஆம்ப்ளிஃபயர்களில் 'ஏ', 'பி' என்ற இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பயன்படுத்தும்போது தனி எண் போட்டிருப்பது இதனால்தான்.

வாட் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் '1,000 வாட்' என்று பெரிய ஸ்டிக்கர், பின்னால் மின்பயன்பாடு 40 வாட். 40 வாட் உள்ளே வாங்கும் பெட்டி 1,000 வாட்டைத் தொடர்ந்து வெளியே கொடுக்க முடியுமா? ஸ்டிக்கரில் இருப்பது கண நேர உச்சத்தைக் கணக்குப் பண்ணிப் போட்ட விளம்பர எண். பின்பக்கத்தை நம்புங்கள்.

சூடும் முதல் சுவிட்சும்

மேல்மூடியில் இருக்கும் துளைகள் அலங்காரத்துக்கு இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட டிவி கேபினெட்டுக்குள் வைத்து மூடுவது, மேலே ரூட்டரை வைப்பது, அம்மா ஆசையாகப் போட்ட லேஸ் துணி, பூஜாடி எல்லாமே வேண்டாம். பூஜாடி இரண்டு மடங்கு வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கிறது. சுவாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தால் விளக்கும் ஊதுவத்தியும் எட்ட இருக்கட்டும். உயரமான ஸ்பீக்கர்கள் இருக்கும் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அவை சாயாமல் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

முதல்முறை சுவிட்ச் போடும்போது வால்யூம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். மூடியின் மேல் கை வையுங்கள்: வெதுவெதுப்பு சாதாரணம், கை வைக்க முடியாத சூடு இல்லை. கருகல் வாடை வந்தால் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். புகை, நெருப்பு என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வந்து 995ஐ அழையுங்கள். 'உள்ளே என்னதான் ஆச்சு' என்று மூடியைத் திறக்கும் ஆசை வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம்.

கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது பாட்டு இல்லை, பேஸ்

வீவக வீடுகளில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம் என்பது தெரிந்ததே. 2022இல் அமைக்கப்பட்ட, அண்டைவீட்டு இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. பேச்சுவார்த்தையில் தீராத தகராறு மத்தியஸ்தத்துக்கும், அதையும் தாண்டினால் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே இழப்பீடு 20,000 வெள்ளி வரை விதிக்க இடமுண்டு.

ஆனால் பலருக்குப் புரியாத விஷயம்: 'நான் சத்தமாகவே வைக்கலையே!' அது உண்மையாகவே இருக்கலாம். பாடகரின் குரல் சுவரில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். 40 ஹெர்ட்ஸ் பேஸ் அப்படி இல்லை. அதன் அலைநீளம் எட்டரை மீட்டர், ஹாலைவிடப் பெரியது. தரையில் நேரடியாக உட்கார்ந்திருக்கும் சப்வூஃபர் கான்கிரீட்டையே அதிர வைக்கிறது. உங்களுக்கு மிதமாகக் கேட்கும் பாட்டு, கீழ்வீட்டில் 'டும்... டும்...' என்று மட்டும் போய்ச் சேரும். வார்த்தை இல்லாத அந்த 'டும்' எரிச்சல்தான்.

சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். மூலை பேஸை இன்னும் பெருக்கும். அடியில் கனமான ரப்பரோ அதற்கென்று விற்கும் ஃபோம் திண்டோ வையுங்கள். ஸ்பீக்கர்களை அண்டைவீட்டோடு பகிரும் சுவரில் மாட்டாதீர்கள். சவுண்ட்பாரில் 'நைட்' வசதி இருந்தால் பேஸையும் திடீர் வெடிச்சத்தத்தையும் அது அடக்கும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: ஒரு நாள் வழக்கமான வால்யூமில் பாட்டைப் போட்டுவிட்டு, கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, 'ஆன்ட்டி, இங்கே கேக்குதா?' என்று கேட்பது. சங்கடமாக இருக்கும். புகார் கடிதம் வருவதைவிடக் குறைவான சங்கடம்.

உங்கள் காதுக்கு எத்தனை மணி நேரம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை. சனிக்கிழமை மாலை நண்பர்களோடு ஒரு படம் பார்த்தாலே அந்த வாரப் பங்கு முடிந்துவிடும்.

3 டெசிபெல் கூடியது காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆம்ப்ளிஃபயருக்கு அது இரண்டு மடங்கு வேலை, உங்கள் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய செல்களுக்கும் அப்படியே. அந்தச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. பத்து டெசிபெல் கூடினால்தான் 'இரண்டு மடங்கு சத்தம்' என்று நமக்குத் தோன்றும், அதற்குள் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு உழைத்திருக்கும். சாதாரண ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 85 டெசிபெலைத் தாண்டுவது சகஜம். நாலறை வீட்டு ஹாலுக்கு 200 வாட் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்.

அளந்து பார்ப்பதும் எளிது. ஐபோனுக்கு அமெரிக்காவின் நையோஷ் ஆய்வு அமைப்பு இலவச ஒலி அளவீட்டுச் செயலி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் செயலிகள் உண்டு, எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் போனை வைத்து, வழக்கமான பாட்டைப் போட்டு, 75லிருந்து 80க்குள் நிற்கும் இடத்தில் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். கூட இருப்பவர்கள் ஒரு கை தூரத்தில் இருந்தும் கத்திப் பேச வேண்டியிருந்தாலோ, அணைத்த பிறகு காதில் 'ங்ங்' என்று கேட்டாலோ, எண் பார்க்கவே தேவையில்லை, அதிகம்தான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்தான் எல்லை. ஸ்பீக்கர் இருக்கும் உயரமும் பெரும்பாலும் அவர்கள் காது இருக்கும் உயரம்தான். தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு, சோபாவில் இருக்கும் உங்களைவிட ஸ்பீக்கர் பக்கம். அளக்கும்போது போனை அங்கேயும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.